புறாத் தூசி எனப்பட்ட இருமல்

எங்கள் குடும்பப் பதிவேட்டில் பிறப்பும் திருமணமும் இறப்பும் தேதி தவறாமல் குறிக்கப்பட்டுள்ளன. இறப்பின் காரணம் என்னும் இடத்தில் மட்டும் ஆண்கள் ஐவருக்கு எதிரே ஒரே சொல்: நெஞ்சு. என் தாய்மாமன் ஒமேரின் பெயருக்கு எதிரேயும் அதையே எழுதி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அவருடைய மனைவி லீவ அத்தை சொன்னதையும், பக்கத்து வீட்டு ஃபோன்ஸ் சொன்னதையும் கொண்டு இதை எழுதுகிறேன். இருவர் கூற்றும் மாறுபடும் இடத்தில் மாறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன்.

டெண்டர் ஆற்றங்கரையில் உள்ள எங்கள் ஊரின் ரயில்பெட்டிப் பட்டறைக்குப் பதினான்கு வயதில் வேலைக்குப் போனவர் மாமா. சிகரெட் சுருட்டக் கற்றுக்கொண்டதும் அங்கேதான், அதே ஆண்டில். பட்டறை சோறு போட்டது. மற்றபடி அவர் உயிர் வாழ்ந்ததெல்லாம் தோட்டத்தின் கோடியிலிருந்த பலகைக் கூட்டில்தான். நாற்பது சொச்சம் பந்தயப் புறாக்கள், தொலைதூரத்தில் பறக்கவிட்டால் தம் கூட்டைத் தேடித் திரும்புபவை. ஊரில் வீட்டுக்கு வீடு கூடு உண்டு என்றாலும், ஞாயிறு மதியம் முதல் புறா யார் கூரையில் இறங்கும் என்ற பேச்சில் மாமாவின் பெயர் வராமல் போனதில்லை.

புறா வளர்ப்பவன் இருமுவான் என்பது எங்கள் ஊரில் சூரியன் கிழக்கே உதிப்பதைப் போன்றது. கூட்டைச் சுரண்டும்போது எழும் எச்சத்தூசி நெஞ்சில் படிகிறது. அதற்குப் புறாத் தூசி என்று பெயர். புறா வளர்ப்போர் சங்கம் கூடும் மதுக்கடையில் ஒருவன் இருமத் தொடங்கினால் மற்றவர்கள் சிரிப்பார்கள்.

"என்னடா ஒமேர், தொண்டைக்குள்ள முட்டை வச்சிருச்சா?" என்பார் ஃபோன்ஸ்.

"ஆமா. குஞ்சு பொரிச்சா உனக்குத்தான் தருவேன். உன் கூட்டுல இருக்கறதெல்லாம் கோழிதானே."

ஆகவே, 1973ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அந்த இருமல் மாறியதை யாரும் பொருட்படுத்தவில்லை. முன்பெல்லாம் காலையில் சளியோடு வந்து ஓய்ந்துவிடும். இப்போது வறண்டு, தகரத்தைத் தட்டுவது போல நாள் முழுதும் நீடித்தது. இடைவாரில் புதிதாக ஒரு துளை போட வேண்டியிருந்தது. இடது தோளில் ஒரு வலி; அதைச் சுத்தியலின் கணக்கில் எழுதினார்கள். விரல் நுனிகள் பருத்து, நகங்கள் குப்புறக் கவிழ்த்த கரண்டிபோல் வளைந்தன. ஈஸ்டருக்குப் பிறகு குரல் கம்மியது. பழைய குரல் திரும்பவே இல்லை.

மாமாவுக்கு அச்சம் இல்லாமல் இல்லை. அவர் அஞ்சியது நோய்க்கு அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் அடுத்த தெரு ரேமண்டிடம், புறாவா நுரையீரலா என்று முடிவு செய்யச் சொன்னார் டாக்டர் லாம்பிரெக்ட். ரேமண்ட் ஒரே நாளில் எல்லாப் பறவைகளையும் விற்றார். அதன்பின் ஞாயிறுதோறும் ஜன்னலோர நாற்காலியில் அமர்ந்து பிறருடைய புறாக்கள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம் மாமா தலையைக் குனிந்துகொள்வார். டாக்டரிடம் போனால் தனக்கும் அந்த நாற்காலிதான் என்று அவர் உறுதியாக நம்பினார்.

ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் நோய் வெளிப்பட்டது. பிரான்சிலிருந்து பறவைகளைப் பறக்கவிட்ட செய்தி வானொலியில் வந்தாயிற்று. இறங்க வரும் பறவை மிரளும் என்று அந்நேரம் எங்கள் தெருவில் எவரும் துணி உலர்த்துவதில்லை. கதவை ஓங்கிச் சாத்துவதில்லை. வானில் ஒரு புள்ளி தோன்றிப் பெரிதாகி மாமாவின் கூரையில் இறங்கியது. அவருடைய செல்லப் பெட்டை, வெள்ளையிறகி. அது கூட்டுக்குள் நுழைந்து, காலின் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பந்தயக் கடிகாரத்தில் போட்டால்தான் வந்ததாகக் கணக்கு.

மாமா தீவன டப்பாவைக் குலுக்கி, "வா, வா, வா" என்று அழைத்தார். வெளிவந்தது காற்றும் கரகரப்பும்தான். வெள்ளையிறகி கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. அதற்குப் பழகிய குரல் அதுவன்று. மாமா மீண்டும் அழைத்தார். பறவை கூரையின் முகட்டுக்கு நகர்ந்தது. அப்போது அவருக்கு இருமல் முட்டியது. இருமினால் பறவை மிரளும். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். முகம் கறுத்தது, தோள்கள் குலுங்கின. சமையலறைக் கதவின் பின்னாலிருந்து அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருமல் வெடித்தது. வெள்ளையிறகி எழுந்து ஆற்றுப் பக்கமாய்ப் போய்விட்டது.

வேலிக்கு அப்பாலிருந்து ஃபோன்ஸ், "குரலை எங்கடா தொலைச்ச? பொண்டாட்டிகிட்ட அடகு வச்சிட்டியா?" என்று சிரித்தார்.

அத்தை சிரிக்கவில்லை. மாமா மடித்த கைக்குட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கி விரித்தார். சிவப்பு.

"மூக்குலேருந்து வந்தது," என்றார் மாமா.

"உன் மூக்கு எப்பலேருந்து வாய்க்குள்ள இருக்கு?"

அதுவே முதல் ரத்தம் என்பது அத்தையின் கூற்று. மே மாதமே ஒமேர் கைக்குட்டைகளைத் தானே அலசிக் கூட்டின் பின்சுவரில் காயவைத்ததைக் கண்டதாக ஃபோன்ஸ் சொல்கிறார். இரண்டாவதே உண்மையாக இருக்க வேண்டும்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்," என்றார் அத்தை.

"பந்தயமெல்லாம் முடியட்டும், லீவ."

"அதுக்குள்ள நீ முடிஞ்சிடுவ. வரலன்னா பாரு, அடுத்த ஞாயிறு புறா வர்ற நேரத்துல வீட்டுல இருக்கற போர்வை அத்தனையும் தோட்டத்துல காயப்போடுவேன்."

இந்த மிரட்டலுக்கு மாமா பணிந்தார். ஆனால் ஒரு திட்டத்தோடு போனார்: புறாக்களைக் காப்பாற்ற வேண்டும், பழியை வேறெதன் மீதாவது போட வேண்டும்.

"சிகரெட் உண்டா?" என்று கேட்டார் டாக்டர்.

"நிறைய, டாக்டர்," என்றார் மாமா, வள்ளலைப் போல. "ஒரு நாளைக்கு முப்பது. வேணும்னா நாப்பதுன்னே போட்டுக்கோங்க. பதினாலு வயசுலேருந்து. பட்டறையிலயும் ஒரே புகை."

"புறா?"

"அங்கங்க ஒண்ணு ரெண்டு."

"கோட்டுல இறகு ஒட்டியிருக்கே."

"அது ஃபோன்ஸோடது."

"ஃபோன்ஸுக்கு இறகு முளைச்சிருக்கா?" என்ற டாக்டர், மாமாவின் கையைப் பற்றி விரல் நுனிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதன்பின் அவர் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை. எடை எவ்வளவு குறைந்தது, தோள்வலி இரவில் எழுப்புகிறதா, குரல் எப்போது போனது என்று தாழ்ந்த குரலில் கேட்டார். எல்லாவற்றுக்கும் அத்தையே பதில் சொன்னார். சொல்லச் சொல்ல, தனித்தனியாகத் தாம் கண்டவை அனைத்தும் ஒரே கயிற்றில் கோத்துக்கொள்வதை உணர்ந்து, மடியிலிருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டாராம்.

நகரத்து மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஜூலையில் டாக்டர் இருவரையும் அழைத்தார்.

"இடது நுரையீரல்ல ஒரு கட்டி இருக்கு. குரல் நரம்பையும் அது அழுத்துது. அறுத்து எடுக்கற இடத்துல இல்ல." சற்று நிறுத்தி, "இது புறாவால வந்தது இல்ல, ஒமேர்," என்றார்.

"புறா இல்லையா? நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப வச்சிக்கலாம்?"

"வச்சிக்கலாம்."

மாமா எழுந்து டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தைதான், "எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார். டாக்டர் தம் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்துக் காட்டினார். அத்தை அந்த வளையத்தைப் பார்த்தார். மாமா ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தார்.

பேருந்திலிருந்து இறங்கியதும் மாமா நேரே மதுக்கடைக்குள் நுழைந்தார்.

"புறா இல்லையாம்!" என்றார், கம்மிய குரலில். "டாக்டரே சொல்லிட்டாரு. தூசியும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

கடையே ஆரவாரித்தது. பீர் ஊற்றப்பட்டது. ஒருவர் மாமாவின் முதுகில் தட்டினார். ஃபோன்ஸ் கோப்பையை உயர்த்தியவர், பாதியில் நிறுத்திக் கீழே வைத்தார்.

"புறா இல்லன்னா, அப்ப வேற என்னடா?"

அந்தக் கேள்வியை மாமா தம்மிடமே கேட்டுக்கொண்டதில்லை என்பதை, வாசலில் நின்ற அத்தை அவர் முகத்தில் கண்டார். எங்கோ ஒரு மூலையில் ஒருவருக்கு இருமல் வந்தது. அவர் அதை விழுங்கிக்கொண்டார். அதுவரை புறாத் தூசி என்ற பெயரில் இருமிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அன்று மாலை மூச்சடக்கி அமர்ந்திருந்ததாக ஃபோன்ஸ் சொன்னார்.

மறுநாளிலிருந்து மாமா அஞ்சினார். கதிர்ச் சிகிச்சைக்குப் போகும் வழியெல்லாம் அத்தையின் சட்டைக்கையைப் பிடித்துக்கொள்வார். தூக்கத்தில் தம் மூச்சொலியையே கேட்டு விழித்துக்கொள்வார். 1975 பிப்ரவரியில் இறந்தார். காரணம் நுரையீரல் புற்று என்று முழுமையாக எழுதியிருக்கிறேன்.

இறப்பதற்கு முந்தைய செப்டம்பரில், கடைசிப் பந்தயத்தன்று, அவருக்குக் குரல் அறவே இல்லை. தீவன டப்பாவை அத்தையிடம் கொடுத்துவிட்டு, இருமினால் பறவை மிரளுமே என்று கூட்டுக்குள் சாக்கின் மேல் அமர்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கடிகாரம் மடியில் இருந்தது. வெள்ளையிறகி கூரையில் இறங்கியது. அது ஜூனில் பறந்துபோன மறுநாளே திரும்பி வந்து மாமாவிடம் மன்னிப்புப் பெற்றிருந்த பறவை. அத்தை வாழ்நாளில் ஒருமுறைகூடப் புறாவை அழைத்ததில்லை. டப்பாவைக் குலுக்கி, "வா, வா, வா" என்றார்.

சற்று நேரத்தில் பறவையோடு உள்ளே வந்து, வளையத்தைத் தாமே கழற்றிக் கடிகாரத்தில் போட்டார். மாமாவின் பருத்த விரல்களுக்கு அது முடியாது.

"இறங்கிடுச்சா?" என்று கிசுகிசுத்தார் மாமா.

"இறங்கிடுச்சு."

"யோசிச்சுதா?"

அத்தை பொய் சொல்லத் தெரியாதவர்; அன்று மட்டும் சொன்னார். "இல்ல. உடனே வந்துருச்சு."

மாமா வெள்ளையிறகியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அதன் இதயம் படபடத்ததா, அவருடையதா என்று அத்தையால் சொல்ல முடியவில்லை.