புரட்டாசிச் சனிக்கிழமையில் ஒரு கிண்ணம் மொய்ங்கா

ஒரு கிண்ணம் பர்மாச் சாப்பாட்டுக்காக முப்பத்திரண்டு மைல் பேருந்தில் போனவன் என்று எங்கள் ஊர் செமின் கிரனியேயில் என்னை இன்னும் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். நாங்கள் போனது சென்ற ஆண்டு, 1967 அக்டோபர் முதல் சனிக்கிழமை. அதே வழியில் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று நேரம், தூரம், கட்டணம் எல்லாவற்றையும் அன்றே குறித்து வைத்தேன். அங்கே நான் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

போனதற்குக் காரணம் என் நாக்கு இல்லை. என் மனைவி பாக்கியம் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவள். மூன்றாண்டுக்கு முன் அவள் குடும்பம் வீடு வாசலை அங்கேயே விட்டுவிட்டுச் சென்னைக்குக் கப்பலேறியது. சென்னையில் எங்களுக்குத் திருமணம் நடந்தது. அதன்பின் எனக்கு இந்தத் தீவில் தமிழ் கற்பிக்கும் வேலை கிடைத்தது. வந்த முதல் ஆண்டில் உண்டான கரு ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அக்டோபரில் அவளுக்கு மறுபடியும் ஐந்தாம் மாதம்.

மசக்கை மூன்று மாதத்தில் விட்டுவிடும் என்பார்கள். இவளுக்கு விடவில்லை. கஞ்சி நிற்கவில்லை, இளநீர் நிற்கவில்லை. கை மெலிந்து, வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. ஊர் மருத்துவச்சி என்னைத் தனியே அழைத்து, "என்ன கேக்குறாங்களோ அதைக் குடுங்க மிஸ்யே. வயித்துல ஏதாவது நிக்கணும். இப்படியே போனா நல்லதில்லை" என்றார். மிஸ்யே என்றால் ஐயா. நான் கேட்காத நாளில்லை. பாக்கியம் எதையும் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி சொன்னாள்: "மொய்ங்கா இருந்தா ஒரு வாய் குடிப்பேன்."

மொய்ங்கா தெரியாதவர்களுக்கு: மீனை வேகவைத்து மசித்து, வாழைத்தண்டும் எலுமிச்சைப்புல்லும் போட்டுக் கொதிக்கவைத்த குழம்பு. அதை அரிசிச் சேமியாவின் மேல் ஊற்றிக் காலை உணவாகக் குடிப்பார்கள். ரங்கூனில் தெருவுக்குத் தெரு கிடைக்குமாம். இந்துமாக் கடலின் நடுவில் இருக்கும் இந்தத் தீவில் அதற்கு எங்கே போவது?

வழி சொன்னவர் பேருந்து நடத்துனர் செல்லேன், பக்கத்து ஊரான சுரினாமைச் சேர்ந்தவர். "போர்ட் லூயில ஒரு பிர்மான் மதாம் கடை வெச்சிருக்கா மிஸ்யே. சந்தைக்குப் பின்னாடி. நீலக் கதவு" என்றார். இங்கே பர்மியரைப் பிர்மான் என்பார்கள். நான் நம்பவில்லை. பர்மா அரிசியைத் தின்று வளர்ந்த தீவுதானே, அரிசி வந்த கப்பலில் ஆள் வந்திருக்கக் கூடாதா என்று அவர் மடக்கினார். சனிக்கிழமை எனக்குப் பள்ளி கிடையாது. அன்றே கிளம்புவது என்று முடிவு செய்தோம்.

காலை 6.10க்குச் செமின் கிரனியேயிலிருந்து முதல் பேருந்து. மேட்டு நகரமான கியூர்பிப் வரை பதினெட்டு மைல். ஆளுக்கு எண்பது சதம். செல்லேன் ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையைப் பிடித்து வைத்திருந்தார். கரும்பு வெட்டும் பருவமாதலால் சுரினாம் தாண்டியதுமே கரும்பு லாரிகள் வழியை அடைத்துக்கொண்டன. ஆலைப் பாகின் வாசனை எனக்குப் பிடிக்கும், பாக்கியத்துக்கு அது எமன். கையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தும் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை யாரோ பின்னிருக்கையில் முணுமுணுக்க, ஓட்டுநர் திரும்பி, "அவசரம்னா இறங்கி நட, கூசேன்!" என்றார். கூசேன் என்றால் சித்தப்பா, பெரியப்பா பிள்ளை. இங்கே யாரையும் அப்படி அழைக்கலாம், அதட்டும்போதுகூட.

கியூர்பிப்பை 7.40க்கு அடைந்தோம். தெற்கில் வெயில் காய்ந்தாலும் அங்கே தூறல்தான். கம்பளி இல்லாமல் போகாதீர்கள். பாக்கியம் என் தோளில் சாய்ந்து, "வீட்டுக்கே போயிடலாங்க. நான் கேட்டது தப்பு" என்றாள். அவள் கை சில்லென்று இருந்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இந்தக் குலுக்கலில் ஏதாவது ஆகிவிட்டால் யார் முகத்தில் விழிப்பேன்? ஆனால் வீட்டில் இருந்தாலும் அதே பட்டினிதானே என்று நினைத்து, 8.05 வண்டியில் ஏற்றிவிட்டேன். தலைநகர் போர்ட் லூயி பதினான்கு மைல், அறுபது சதம். இந்தப் பாதை நல்ல தார்ச்சாலை. இறக்கத்தில் காற்று வெதுவெதுப்பாக வர, அவள் சற்றே கண்ணயர்ந்தாள்.

8.55க்கு இறங்கினோம். சந்தையைச் சுற்றிக்கொண்டு, சீனக் கடைகள் முடியும் இடம்வரை பத்து நிமிட நடை. நீலக் கதவின் மேல், பர்மா உணவகம் என்று பிரெஞ்சில் எழுதிய சிறு பலகை. உள்ளே நான்கு மேசை. சுவரில் ஒரு பக்கம் புத்தர், எதிர்ப்பக்கம் முருகன். இருவருக்கும் ஒரே ஊதுபத்தி நடுவில் புகைந்துகொண்டிருந்தது.

கடைக்காரர் முத்துசாமிக்கு ஐம்பது வயதிருக்கும். இந்தத் தீவின் தேர் ரூஜ் ஊர்க்காரர். அரிசிக் கப்பலில் சமையல்காரராக இருபது வருடம் ரங்கூனுக்கும் இங்கேயுமாக அலைந்தவர். மனைவி மா கின்னை அங்கே மணந்து அழைத்து வந்தார். இந்தத் தீவில் பிறந்த தமிழர் பலருக்குக் கோயிலில் மட்டும்தான் தமிழ். இவரோ ரங்கூன் துறைமுகத்துத் தமிழரோடு பழகி, தீவின் பேச்சுமொழியான கிரியோல் கலந்தாலும் தடங்கல் இல்லாமல் பேசினார்.

"அசிஸ், மதாம், அசிஸ்" என்று பாக்கியத்துக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். "இவளுக்கு ஒரு மொய்ங்கா" என்றேன். அவர் முகம் மாறியது. "மீன் இல்லே மிஸ்யே. இந்த மாசம் பூராவும் கரேம். பா கபாவ்."

கரேம் என்றால் விரதம். பா கபாவ் என்றால் முடியாது. புரட்டாசியை இங்கே கோவிந்தன் மாதமாகக் கொண்டாடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் சாப்பாட்டுக் கடையிலுமா? "யாரய்யா சொன்னது, கடையில்கூட மீன் ஏறக் கூடாதென்று?" என்றேன், சற்றுச் சூடாகவே.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தேவிட்டார். "நீங்கதானே சொன்னீங்க!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது பொய்யில்லை. அதற்கு மூன்று வாரம் முன்பு போர்ட் லூயியில் ஒரு கோயிலில் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். சென்னையில் எங்கள் வீட்டில் புரட்டாசிச் சனிக்கிழமை மட்டும்தான் விரதம். மற்ற நாளில் கருவாடு மணக்கும். ஆனால் மேடை, மாலை, எதிரே அத்தனை கூட்டம்! பாதிப் பேருக்கு என் தமிழ் புரியாது என்ற தைரியம் வேறு. "முழுத் திங்களும் தமிழன் அடுப்பில், வீடானாலும் கடையானாலும், மீன் ஏறலாகாது!" என்று முழங்கினேன். கைதட்டல் கூரையைப் பிளந்தது. யாரோ அதைக் கிரியோலில் எடுத்துச் சொல்ல, மறுபடியும் கைதட்டல். அன்றே கற்பூரத்தின் மேல் கையடித்துச் சத்தியம் செய்தவர்களில் முத்துசாமியும் ஒருவர். இந்தியாவிலிருந்து வந்த வாத்தியார் சொன்னால் சாஸ்திரம் சொன்ன மாதிரி என்று இங்கே எடுத்துக்கொள்வார்கள். நான் அதை அறிந்திருக்க வேண்டும். அறிந்துதான் பேசினேனோ என்னவோ.

"கர்ப்பிணிக்கு விரதம் கிடையாது முத்துசாமி."

"அதை நீங்க மேடையில சொல்லலியே."

நல்ல அடி. பாக்கியம் தலை குனிந்தபடி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் என் கௌரவம் கழன்று விழுந்தது. அவள் ஒரு கரு இழந்ததையும், மருத்துவச்சி சொன்னதையும் அவரிடம் சொன்னேன். பிறகு இதையும் சொன்னேன்: "நான் பேசியது கைதட்டலுக்கு. போன செவ்வாய்க்கிழமை என் வீட்டில் கருவாடு வறுத்தேன், நானே தின்றேன். என் பேச்சை நம்பி நீங்கள் கட்டுப்பட வேண்டாம்."

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. "மிஸ்யே, கப்பல்ல இருந்த இருபது வருஷம் நான் கோயில் வாசப்படி மிதிக்கலே. அன்னிக்குத்தான் போனேன். நீங்க எதுக்குப் பேசினீங்களோ, அது உங்க கணக்கு. நான் கையடிச்சது சாமி முன்னால. அதை நீங்க திருப்பி வாங்க முடியாது. மதாம் மீன் சாப்பிடலாம், தப்பே இல்லே. எதிர்க்கடைச் சீனனை நானே கேக்கறேன். ஆனா என் அடுப்புல, என் கையால, பா கபாவ்."

என் வாயிலிருந்து வந்த சொல் இன்னொருவர் வீட்டில் உயிரோடு நடமாடுவதை அன்றுதான் கண்டேன். வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்ததை ஏன் மறைக்க வேண்டும்?

அப்போது சமையலறையிலிருந்து மா கின் வந்தார். தமிழ் அவருக்கு அரைகுறை. எங்களைப் பார்க்காமல் பாக்கியத்தின் முன்னே குனிந்து, பர்மிய மொழியில் ஏதோ கேட்டார். பாக்கியம் நிமிர்ந்தாள். மூன்றாண்டாக அந்த மொழியில் அவளிடம் யாரும் பேசியதில்லை. "அமா!" என்றாள். அக்கா என்று பொருள். பிறகு இருவரும் மூச்சுவிடாமல் பேசினார்கள். பாக்கியம் அழுதாள், சிரித்தாள், என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். அது பாராட்டாக இருந்திருக்காது.

"இப்ப இவங்களுக்கும் விரத மாசங்க, வா மாசம்" என்று என்னிடம் சொன்னாள். "மழைக்கால மூணு மாசம். எங்க தெருவுல மீன் போடாமத்தான் மொய்ங்கா செய்வாங்க. நான் எப்படி மறந்தேன்? அமா செஞ்சு தர்றேங்கிறாங்க."

முத்துசாமி தலையில் அடித்துக்கொண்டார். மூன்று வாரமாக வெறும் பொரித்த நூடுல்ஸை விற்றுக்கொண்டிருக்கிறார். மனைவி ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு மா கின் சொன்ன பதிலைப் பாக்கியம் மொழிபெயர்த்தாள்: "கேட்டாத்தானே சொல்வாங்க."

சமைக்க ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. முற்றத்து வாழையை முத்துசாமி வெட்டிச் சாய்த்தார். தண்டை வட்டவட்டமாக நறுக்கி நார் எடுக்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எதையாவது செய்யாமல் உட்கார முடியவில்லை. வறுத்த கடலை மாவு, வறுத்துப் பொடித்த அரிசி, மஞ்சள், வெங்காயம், எலுமிச்சைப்புல். மீன் சாற்றுக்குப் பதிலாகச் சீனக் கடைப் புளித்த சோயா. எண்ணெயில் பூண்டு பொரியும் வாசனை வந்தபோது பாக்கியத்தைப் பார்த்தேன். வழக்கமாக அந்த வாசனைக்கு எழுந்து ஓடுவாள். அன்று ஓடவில்லை. கண்ணை மூடி ஆழமாக மூச்சிழுத்தாள்.

10.25க்குக் கிண்ணம் வந்தது. முதல் கரண்டி, இரண்டாவது, மூன்றாவது. வீட்டில் எது சாப்பிட்டாலும் கால் மணிக்குள் வெளியே வந்துவிடும். சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி ஆயிற்று. இருபது நிமிடம் ஆயிற்று. பாக்கியம் கிண்ணத்தை மா கின் பக்கம் தள்ளி, "இன்னொண்ணு" என்றாள், தமிழில்.

நான் எழுந்து பின்முற்றத்துக்குப் போய்விட்டேன். வெட்டிய வாழை மரத்தடியில் நின்று அழுதேன். முத்துசாமி வந்து, "பா த்ராகாசே, மிஸ்யே, கவலைப்படாதீங்க" என்று முதுகில் தட்டினார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கிண்ணம் எழுபத்தைந்து சதம், அளவு பெரிது. ஆனாலும் இரண்டாவது கேட்பீர்கள். ஞாயிறு விடுமுறை. ஒன்பது மணிக்கு முன் போகாதீர்கள். திரும்பக் கடைசி நல்ல வண்டி 2.30க்கு. அதை விட்டால் கியூர்பிப்பில் மழையில் நிற்க நேரும். கர்ப்பிணிகளோடு போனால் முன்னிருக்கை, எலுமிச்சம்பழம், பொறுமையுள்ள ஓட்டுநர். ஜனவரியில் நகரம் கலவரத்தால் கலங்கிக் கிடந்த நாள்களில் கடை மூடியிருந்தது. இப்போது திறந்துவிட்டதாகச் செல்லேன் நேற்று பார்த்து வந்து சொன்னார். புரட்டாசியில் மட்டும் அங்கே மீன் கேட்காதீர்கள். அதற்குக் காரணமானவன் நான்தான். கேட்டால் என் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

மா கின் கொடுத்தனுப்பிய எலுமிச்சைப்புல் தூர் எங்கள் கொல்லையில் வேர்விட்டது. அதன்பின் வாரம் நான்கு நாள் வீட்டிலேயே மொய்ங்கா. செவ்வாய்க்கிழமைக் கருவாட்டையும் புரட்டாசி முடியும்வரை நான் தொடவில்லை. யாரும் கைதட்டவில்லை.

இது மார்ச் மாதம். இன்னும் சில நாளில் இந்த நாட்டுக்குச் சொந்தக் கொடி ஏறப்போகிறது. விழாவில் பேசச் சொல்லி அழைத்தார்கள். ஐந்து நிமிடம் போதும் என்று சொல்லியிருக்கிறேன். இந்தக் கட்டுரையை முடிக்க இத்தனை நாளானதற்கும் ஒரு காரணம் உண்டு. மூன்று வாரமாக எனக்குத் தூக்கம் இல்லை. பிறந்தபோது ஏழு பவுண்டு இருந்தவள், இப்போது உள்ளறையில் தெருவே கேட்கும்படி கத்துகிறாள். அவள் அம்மாவுக்குப் பசிக்கிறதாம், வாழைத்தண்டு நறுக்கச் சொல்கிறாள். போகிறேன்.