மூடிய கைக்குள் ஒரு காசு

ஒன்பது வருடம் என்னிடம் ஒரு செப்புக் காசு இருந்தது. ஒருபக்கம் பாதி தேய்ந்த அரபி எழுத்து, மறுபக்கம் எழுத்தே இல்லாத வெறும் மழமழப்பு, விளிம்பை ஒட்டி ஒரு சின்ன ஓட்டை. பவுடர் டப்பாவில் பஞ்சுக்கு மேல் வைத்திருந்தேன். எப்போது திறந்தாலும் பஞ்சு நனைந்திருக்கும். காசில் ஏறிய கடல் உப்பு ஈரத்தை இழுக்கும், அவ்வளவுதான்; ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் நான். ஆனால் மழை எட்டிப் பார்க்காத பங்குனியிலும் அந்தப் பஞ்சு காய்ந்ததில்லை.

எங்கள் கடற்கரையில் புது வள்ளம் இறக்கும்போது பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார். அவர் அந்தப்பக்கம் திரும்பியதும் வள்ளத்துக்காரர் கையை மூடியபடி ஒரு காசைக் கொண்டுபோய்த் தண்ணீரில் போடுவார். என்ன காசு என்று யாருக்கும் காட்டக் கூடாது. கடலுக்குக் கொடுத்ததை யாரும் திரும்ப எடுக்கவும் கூடாது. சாமியாருக்கு எல்லாம் தெரியும், காணாததுபோல் இருந்துகொள்வார். நான்கு வருடம் மஸ்கட்டில் மீன்பிடித்துவிட்டு வந்த என் அண்ணனும் 2004இல் வள்ளம் இறக்கியபோது அப்படித்தான் போட்டான். அஞ்சு ரூபாய்த் துட்டாக இருக்கும் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், காலைப் பூசை முடிந்து வந்தால் கடல் இல்லை. நாங்கள் பிறந்தது முதல் பார்த்திராத பாறையெல்லாம் பாசியோடு வெளியே நின்றது. அலைச்சத்தம் இல்லாத எங்கள் ஊரை அன்றுதான் கேட்டேன். அந்த அமைதி காதுக்குள் அடைத்துக்கொண்டது. ஆட்கள் மீன் பொறுக்க இறங்கினார்கள். நானும் அண்ணனும் இறங்கினோம். துறைக்கு நேரே ஈர மணலில் அந்தக் காசு கிடந்தது. குனிந்து எடுத்தேன். அண்ணன் வெகுதூரத்தில் நின்றான். அங்கிருந்து என் கையில் இருப்பது தெரிய வழியே இல்லை.

“எடுத்தத அங்ஙனயே போட்டுட்டு ஓடி வா, ஏட்டி,” என்றான்.

நான் போடவில்லை. கிடைத்ததை விடுகிற குணம் எனக்குச் சிறுவயதிலிருந்தே கிடையாது. கையை மூடிக்கொண்டு நின்றேன். அவன் என்னை இழுக்கத் திரும்பி வந்தான். அவன் கை என் முழங்கையைப் பிடித்தது நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, கோயில் மதிலுக்கு மேல் நான் கிடந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் வலது கையை விரல் விரலாகப் பிரித்தார். காசு உள்ளே இருந்தது. அண்ணன் கிடைக்கவே இல்லை.

காசைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. எனக்கு நானே ஒரு கதை சொல்லிக்கொண்டேன். எந்தக் காலத்திலோ முழுகிய அரபிக் கப்பலின் காசு அது. கடல் தற்செயலாக அன்று திறந்து காட்டியது. எங்களுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் தூங்கினேன். 2013இல் அதை யாராவது வாய்விட்டுச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஆசை வந்தது. எங்கள் பள்ளியில் தேங்காப்பட்டணத்து டீச்சர் ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டுக்காரர் மஸ்கட்டில் பழம்பொருள் கடையில் வேலைக்கு நின்றவர். ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அவர் புளி போட்டுத் தேய்த்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். மஸ்கட் சுல்தான் காலத்துக் காசு என்றார். நூறு வருடத்துக்கு மேல் இருக்கும், ஆனால் அபூர்வம் இல்லை, அங்கே கடைகளில் குவித்துப்போட்டு விற்பார்கள், வேலைக்குப் போன நம்மூர்ப் பிள்ளைகள் வாங்கி ஓட்டை போட்டு நூலில் கட்டிக்கொள்வார்கள். பிறகு ஓட்டையைக் காட்டினார். அதற்குள் கடுகளவு நீல நைலான் ஒட்டியிருந்தது. முடிச்சை நெருப்பில் உருக்கி ஒட்டியிருந்தார்கள். வலை கட்டுகிறவன் முடிச்சு அவிழாமலிருக்கச் செய்யும் வேலை அது.

“இது கடலுக்குள்ள ரொம்ப நாளு கெடந்த காசு இல்ல, டீச்சர்,” என்றார்.

டீ வந்தது. குடித்தேனா என்று நினைவில்லை.

வீட்டில் மைனி, என் அண்ணன் மனைவி, சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வள்ளம் இறக்கிய அன்று அண்ணன் என்ன காசு போட்டான் என்று கேட்டேன். பேச்சுவாக்கில் கேட்பதுபோலத்தான். காசு என் கைக்குள் இருந்தது. உள்ளங்கை நசநசத்தது.

“மஸ்கட்டுக் காசு. இடுப்பு அரஞாண்ல வலை நூல் போட்டு கெட்டியிருந்தாரு. எனக்கு மட்டுந்தான் தெரியும்,” என்றாள். மீனை அலசிவிட்டு, அவளே மேலும் சொன்னாள்: “ஆளு கெடைக்கல்ல. ஆனா அந்தக் காசு அங்க அவருக்க கூட கெடக்குன்னு நெனச்சுதான் நான் ஒறங்குதேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எடுத்ததைப் போட்டுவிட்டு வரச் சொன்ன அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து, மூடிய என் கைக்குள் இருப்பது என்னவென்று. எப்படி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மைனியிடம் கையைத் திறந்து காட்டியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் விடியலில் துறைக்குப் போனேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மூடிய கைக்குள் கொண்டுவந்த காசைப் போட்டேன். அவள் சொன்னது இனியாவது உண்மையாகட்டும் என்றுதான். திரும்பிக் கரையேறும்போது ஒரு அலை பின்னால் வந்து, கனமில்லாத எதையோ என் காலில் தட்டிவிட்டுப் போனது. சிப்பியாக இருக்கும். நான் கீழே பார்க்கவில்லை. அன்றிலிருந்து கடற்கரையில் நடக்கும்போது நான் கீழே பார்ப்பதே இல்லை.