நெற்குப்பைக்குச் சீராகப் போன பதினாலு மட்டைகள்

தேசிய அமெச்சூர் கோல்ஃப் போட்டியில் ஆட இந்த வருஷம் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. வயது நாற்பத்து நாலு, ஊர் கோயம்புத்தூர், வேலை வங்கியில். தேறியவர்களில் கடைசிப் பெயர் என்னுடையது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கணவர் கமெண்டில் வந்து சொல்லுவார். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கல்லூரித் தோழி உமையாளின் மகள் மெய்யம்மைக்குக் காரைக்குடியில் கல்யாணம். போகாவிட்டால் உமையாள் ஆயுசுக்கும் பேசமாட்டாள். பயிற்சியை விட்டால் கை மறந்துவிடும். சரி, இரண்டையும் பார்ப்போம் என்று மட்டைப் பையையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். "கல்யாணத்துக்குக் கம்போடவா போற?" என்றார்கள் வீட்டில். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கம்புதான்.

கோவையிலிருந்து மதுரைக்கு ஐந்தரை மணி நேரம், அங்கிருந்து காரைக்குடிக்கு இரண்டேகால் மணி நேரம், இரண்டுமே அரசுப் பேருந்து. மதுரையில் ஏறும்போது கண்டக்டர் என் பையைத் தட்டிப் பார்த்து, பந்தல் கம்பா என்று கேட்டார். இல்லை, விளையாட்டுச் சாமான் என்றேன். விளையாடுகிற வயசா என்பது போல என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பைக்கும் ஒரு முழு டிக்கெட் கிழித்தார். உட்கார இடம் மட்டும் அதற்குத் தரவில்லை. காரைக்குடிப் பேருந்து நிலையத்திலிருந்து கல்யாண வீட்டுக்கு ஆட்டோ நூற்று ஐம்பது ரூபாய். ஆட்டோக்காரர் அருள்சாமி நல்ல மனிதர், கேள்விதான் கொஞ்சம் அதிகம்.

மறுநாள் விடியற்காலை அவர் ஆட்டோவிலேயே கோவிலூர்ப் பக்கம் வற்றிக் கிடந்த ஒரு கண்மாய்க்குப் போனேன். செம்மண், கருவேலம் புதர், நாலைந்து ஆடு, வேறு தொந்தரவு இல்லை. ஒரு மணி நேரம் அடித்தேன். அருள்சாமி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். பந்து பொறுக்கிக்கொண்டு திரும்பியபோது மெதுவாகக் கேட்டார்.

"அம்புட்டுத் தூரம் அடிக்கிறதும் நீங்க, நடந்து போயி எடுக்கிறதும் நீங்கதானாக்கா?"

ஆமாம் என்றேன். ஆடுகளை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆட்டோவைக் கிளப்பினார்.

வீடு திரும்பியதும் பையை இரண்டாங்கட்டு முற்றத்தின் ஓரத்தில் சாத்திவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். இந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான். செட்டிநாட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சீரையெல்லாம் ஊரும் உறவும் பார்க்கும்படி பரப்பி வைப்பார்கள். வெள்ளிப் பாத்திரம், பித்தளை அண்டா, எனாமல் தூக்கு, பட்டு, பாய் என்று வைரத்தில் தொடங்கி விளக்குமாறு வரைக்கும் இருக்கும். எது எந்த முற்றத்தில் பரப்பப்படும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

முகூர்த்தம் நன்றாக முடிந்தது. மதியச் சாப்பாட்டை எழுத ஆரம்பித்தால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும் என்பதால் விடுகிறேன். சாப்பிட்டுவிட்டுப் பழம்பொருள் கடைத்தெருவுக்குப் போனேன். மரப்பெட்டி ஒன்றுக்கு நாலாயிரம் சொன்னவரிடம் அரை மணி நேரம் பேரம் பேசி, கடைசியில் வாங்காமலே வந்தேன். ஐந்து மணிக்குத் திரும்பினால் இரண்டாங்கட்டு துடைத்துவிட்டது போல இருந்தது. பெண்ணும் போய்விட்டாள், சீர் ஏற்றிய லாரியும் போய்விட்டது. என் பையையும் காணோம்.

உமையாள் தன் போனில் எடுத்திருந்த படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஒரு படத்தில் என் கண் நின்றது. வெள்ளிச் சாமானுக்கும் பித்தளைக்கும் நடுவே ஒரு புதுப் பாய். அதில் என் பதினாலு மட்டைகளும் உயர வாரியாக, ஒரு நூல் பிசகாமல் படுத்திருந்தன. பந்துகளை வெள்ளிக் கிண்ணத்தில் குவித்திருந்தார்கள். என் அழுக்குக் கையுறை தாம்பாளத்தில் இருந்தது, பக்கத்திலேயே சந்தனம். பரப்பியவர் உமையாளின் நாத்தனார். மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர் என்பதால், அமெரிக்காவிலிருக்கும் பெண்ணின் தாய்மாமன் அவருக்காக அனுப்பியதாக நினைத்துவிட்டாராம். ஆளாளுக்குப் பார்த்துப் பாராட்டிவிட்டு வேறு போயிருக்கிறார்கள்.

ஒரு போன் போட்டால் தீர்ந்தது என்று நான் நினைத்தேன். உமையாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொடுத்த சீரை அன்னைக்கே திருப்பிக் கேக்குறதாடி? எம் பொண்ணு அங்க வாழணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. புது மட்டை வாங்கித் தருகிறேன் என்றாள். மட்டை என்ன கத்தரிக்காயா, புதிதாக வாங்க? முக்கியமாக, பந்தைக் குழிக்குள் தள்ளும் அந்தக் குட்டை மட்டை. ஆறு வருஷமாக என் கைக்குப் பழகியது, அது இல்லாமல் போட்டிக்குப் போவதும் ஒன்றுதான், போகாமல் இருப்பதும் ஒன்றுதான். ஆனால் அவள் கண் கலங்கி நின்றாள். பெண்ணை அனுப்பிய அம்மாவிடம் எப்படிச் சண்டை போடுவது? சாயங்கால பஸ்ஸை விட்டுவிட்டு, மறுநாள் காலை மாப்பிள்ளை ஊரான நெற்குப்பைக்குப் போவதாக முடிவு செய்தோம். பெண்ணைப் பார்க்க வந்தது போலப் போவது, வாயைத் திறக்காமல் சூழ்நிலையைப் பார்ப்பது என்று ஏற்பாடு.

காரைக்குடியிலிருந்து நெற்குப்பை முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அருள்சாமி தன் மச்சான் காரை எடுத்துவந்தார், போக வர ஆயிரத்து நானூறு. சாலை நன்றாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு வந்ததில் எனக்குத்தான் தாடை வலித்தது.

மாப்பிள்ளையின் அம்மா சிகப்பி ஆச்சி வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். கந்தரப்பமும் காபியும் வந்தன. நடு ஹாலில் சீரெல்லாம் மறுபடி பரப்பியிருந்தது. பார்க்க ஊரே வந்திருந்தது. என் மட்டைகள் அங்கேயும் நடுநாயகமாகக் கிடந்தன, போதாததற்கு ஒவ்வொன்றின் தலையிலும் குங்குமம். ஒரு பெரியவர் என் குட்டை மட்டையை எடுத்து ஊன்றி, ஊன்றுகோலாகச் சரிவருமா என்று நாலடி நடந்து பார்த்தார். என் உயிர் அவர் கூடவே நடந்தது. நான் எழுந்திருக்கப் போனேன். உமையாள் என் காலை மிதித்தாள்.

சிகப்பி ஆச்சி இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். வந்தவர்களைப் பலகாரம் சாப்பிட அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த என் பையைக் காட்டினார். அந்தப் பக்கத்தில்தான் கொட்டை எழுத்தில் என் பெயர் இருக்கிறது.

"நிர்மலாங்கிறது நீங்கதானே?"

தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

"நேத்து லாரியில இருந்து இறக்கினப்பவே பாத்துட்டேன். சாமான் மாறி வந்திருச்சுன்னு நான் போன் போட்டா, பொண்ணு வீட்டுல எம்புட்டுச் சங்கடப்படுவாக. நீங்களா கேப்பீகன்னு இருந்தேன். யாருமே கேக்கல. வந்ததைப் பரப்பாம வச்சா அதுக்கும் ஒரு பேச்சு வரும்னு பரப்பிட்டேன்."

"நாங்க கேட்டா நீங்க என்ன நெனப்பீகளோன்னு..." என்றாள் உமையாள். இரண்டு சம்பந்திகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு ராத்திரி முழுக்க இந்த ஊரிலும் அந்த ஊரிலும் ஆளுக்கொரு பக்கம் மரியாதை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நடுவில் தூங்காமல் செத்தவள் நான்.

இருந்தாலும் இத்தனை பேர் பார்த்த சீரை எப்படி வெளியே எடுப்பது? மெய்யம்மைதான் வழி சொன்னாள். சீர் பெண்ணுக்குச் சொந்தம், அவள் விருப்பப்பட்டவர்களுக்குக் கொடுக்கலாமே. ஆக, ஊர் கூடிய ஹாலில், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காயோடு என்னுடைய மட்டைகளை எனக்கே பரிசாகக் கொடுத்தாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, இவ்வளவு விலையுயர்ந்த பொருளை எதற்கம்மா என்று கேட்டேன். உமையாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காரில் ஏறும்போது இது என்ன விளையாட்டு என்று சிகப்பி ஆச்சி கேட்டார். சொன்னேன். தேசியப் போட்டி என்றதும் அப்படியே நின்றுவிட்டார். நாடு முழுவதிலிருந்தும் வருவார்களா, அதில் நீங்களும் ஒருத்தியா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். உள்ளே போய்ப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடமும் சொல்லிவிட்டார். அத்தனை பேரும் கையில் இலையோடு வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார்கள். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இடம் கிடைத்த செய்தியை வீட்டில் சொன்னபோது, அந்த வாரம் சிலிண்டர் யார் வாங்குவது என்றுதான் பேச்சுப் போனது.

நீங்களும் மட்டையோடு செட்டிநாட்டுக் கல்யாணத்துக்குப் போவதாக இருந்தால், பையை லாட்ஜில் வைத்துப் பூட்டுங்கள், அறை எண்ணூறுக்கே கிடைக்கிறது. பயிற்சிக்குக் கண்மாய் நல்ல இடம், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். நெற்குப்பைக்கு டவுன் பஸ்ஸை நம்பாமல் கார் பேசிக்கொள்ளுங்கள். கந்தரப்பத்தை வேண்டாம் என்று சொல்லவே சொல்லாதீர்கள்.

குங்குமம் இன்னும் முழுசாகப் போகவில்லை, நானும் துடைக்கவில்லை. நேற்று உமையாள் போன் செய்தாள். சீரெல்லாம் எடுத்து உள்ளே வைத்தாகிவிட்டதாம். நடுவில் என் மட்டைகள் கிடந்த அந்த ஒரு பாயை மட்டும் சிகப்பி ஆச்சி சுருட்ட விடவில்லையாம். ஏன் என்று கேட்டவர்களிடம், "நிர்மலா கோப்பையோட வருவாக, பரப்ப இடம் வேணும்ல?" என்றாராம்.

முதல் சுற்றைத் தாண்டுவேனா என்பதே எனக்குச் சந்தேகம். அதை அவரிடம் நீயாவது சொல்லிவிடு என்றேன். நீயே சொல் என்று உமையாள் போனை வைத்துவிட்டாள். பயமாக இருக்கிறது. போய் இன்னும் ஒரு கூடை நிறையப் பந்து அடித்துவிட்டு வருகிறேன்.