ரெண்டும் தண்ணிதானே

ஊரார் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டியே பிழைத்தவள் அவள். பெண்ணின் அம்மா அழுகிற இடம் வந்தால் போதும், பார்க்க நன்றாக இல்லை, எடுத்துவிடுங்கள் என்று போன் வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள். அதனால்தான் சொந்தமாக ஒரு குறும்படம் இயக்கக் கிளம்பியபோது, இனி யாரும் கத்தரிக்கோலை நீட்ட மாட்டார்கள் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில் மண் விழ ஒரு வாரம்கூட ஆகவில்லை.

கதை அவளுடையதுதான். ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய சில நாளில், சமையலறைக் குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் குழந்தை வீரிட்டது. இவளுக்குப் பால் சுரந்து சட்டை நனைந்துபோனது. குடிக்க ஆளில்லை என்று மனசுக்குத் தெரியும்; உடம்புக்கு யார் போய்ச் சொல்வது? அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மொத்தப் படமும்.

அந்த நிமிஷத்தைத்தான் யாரும் எடுக்க விடவில்லை. கேமராமேன் நடிகையின் முகத்தை மட்டும் பிடித்தான். சட்டை தெரிய வேண்டும் என்றாள். அங்கே வெளிச்சம் விழவில்லை என்றான். விளக்கை நகர்த்தினாள். குழாய் பளபளக்கிறது என்றான். குழாய்மேல் பவுடர் பூசினாள். கடைசியில் நடிகையின் தோளில் ஒரு துண்டைப் போட்டு மறைத்துவிட்டு, இப்போது சரியாக இருக்கிறது என்றான். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். துண்டை உருவித் தூர எறிந்தாள்.

படத்துக்குப் பணம் போட்ட டைல்ஸ் கடைக்காரர் அந்த நேரம் பார்த்துத்தான் வந்து நின்றார்.

"எதுக்கு மேடம் இவ்வளவு பாடு? அந்தப் பொண்ணு அழுதா போதுமே. கண்ணீர்னா எல்லாருக்கும் புரியும்."

"இது அழுகை இல்ல சார். பால்."

"ரெண்டும் தண்ணிதானே."

சிரிப்பதா, கையிலிருந்த கதைத் தாளைக் கிழிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டு வேளையில் எல்லோரையும் உட்காரவைத்து, குழந்தை பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் பால் வரும் என்று விளக்கினாள். ஒலிப்பதிவுக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையே இல்லாதபோது அது எப்படி வரும் என்று கேட்டது யார் தெரியுமா? ரெண்டு பிள்ளை பெற்ற கேமராமேன். இவன் பெண்டாட்டி எந்தக் கிரகத்தில் பெற்றாள் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கை கழுவும் இடத்தில் நடிகை மெல்லப் பக்கத்தில் வந்து நின்றாள். கல்யாணமாகாத பெண்.

"அக்கா, அப்போ வலிச்சுதா?"

அதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

"கல்லு மாதிரி கட்டிக்கிட்டுது. கை பட்டா உயிர் போகும்."

அந்தப் பெண் தலையசைத்துவிட்டுப் போனாள். சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த காட்சியில், உள்ளே வைத்த ஈரப்பஞ்சு சட்டையை நனைத்தபோது அவள் அழவில்லை. குழாயை மூடினாள், குனிந்து பார்த்தாள், மறுபடி தட்டைத் துடைத்தாள். கேமராமேனும் வாயை மூடிக்கொண்டு எடுத்தான்.

படம் முடிந்ததும் வீட்டில் கணவனுக்குப் போட்டுக் காட்டினாள். பார்த்துவிட்டு, அன்றைக்கு நீ போட்டிருந்த சட்டை வெள்ளை இல்லை, நீலம் என்றான். அலசிக் காயப்போட்டதே அவன்தானாம். இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று அவனிடம் எரிந்து விழுந்தாள். பிறகு அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

முதல் காட்சிக்கு டைல்ஸ் கடைக்காரர் மனைவியோடு வந்தார். அந்த இடம் வந்ததும் அரங்கிலிருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கையை மார்போடு கட்டிக்கொண்டதைக் கடைசி வரிசையிலிருந்து அவள் பார்த்தாள். தண்ணீரைக் கொட்டிக்கொண்டாளா என்று அவர் மனைவியிடம் கேட்டது அவள் காதிலும் விழுந்தது.

மறுநாள் அவரே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. அவர்களுடைய தலைப்பிள்ளையும் தங்கவில்லையாம். மனைவி மார்பில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு, துக்கம் கேட்க வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டாளாம். இத்தனை காலமும் இவருக்குத் தெரியாது; படம் பார்த்த ராத்திரிதான் மனைவி சொன்னாளாம்.

மனிதர் அதோடு விட்டாரா? இனி காட்டுகிற இடத்திலெல்லாம், ஆம்பளைகளுக்குப் புரிகிற மாதிரி, படத்துக்கு முன்னால் தாமே மேடையேறி விளக்குவதாகச் சொன்னார். நான் விளக்கியபோது எங்கே போனீர் என்று கேட்க நாக்கு துடித்தது. அவர் சொன்னாலாவது கேட்டுத் தொலைக்கட்டும் என்று ஒப்புக்கொண்டாள்.

பேசினார். கேமராமேன் முன்வரிசையில் உட்கார்ந்து வாய் பிளந்து கேட்டான். பேச்சு, படத்தைவிட நீளம்.