வாடகைப் பெயரும் என் கையும்

கை வெட்டுப்பட்ட அன்று எனக்கு முதலில் வந்த யோசனை கையைப் பற்றியது அல்ல. இனி யார் யாரெல்லாம் என் பெயரைக் கேட்பார்கள் என்பதுதான்.

அந்தக் காலத்தில் எனக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று அம்மா வைத்தது. அது அகதி விண்ணப்பத்தோடு போய், நிராகரிக்கப்பட்டு, நாட்டை விட்டுப் போகவேண்டிய ஆளின் பெயராக எங்கேயோ ஒரு கம்பியூட்டரில் கிடந்தது. மற்றது வாடகைப் பெயர். ஜெர்மனியிலிருந்து அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு லண்டனுக்கு வந்த ஓர் அண்ணை வேலை செய்வதற்கான தன் கார்ட்டை எனக்குத் தந்திருந்தார். அவருடைய பெயரில், அவருடைய நம்பரில் நான் வேலைக்குப் போனேன். சம்பளத்தில் அவருக்கு ஒரு பங்கு. எங்கள் ஆட்கள் இதைக் களவு என்று சொல்வதில்லை. 'ஆரின்ரையோ கார்ட்டில நிக்கிறான்' என்பார்கள், மழைக்கு ஒதுங்கி நிற்கிறவனைச் சொல்வதுபோல.

வேலை எட்மண்டனில், மரக்கறி வெட்டும் ஒரு பக்டரியில். கோவா என்கிற முட்டைக்கோஸ், கரட், வெங்காயம் எல்லாம் மெசினுக்குள் போய்ச் சீவலாக விழும். வெட்டும் பிளேடுக்கு மேலே ஒரு மூடி இருக்கவேண்டும். மூடி இருந்தால் மெசின் அடிக்கடி இறுகி நிற்கிறது, வேலை ஓடவில்லை என்று அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன்மேல் நாங்கள் எங்கள் ஜக்கெட்டுகளைக் கொழுவுவோம். எல்லோருக்கும் பயம்தான், ஆனால் கார்ட்டில் நிற்கிறவன் மூடியைப் பற்றிக் கதைக்க ஏலுமா?

மூடியைப் பற்றிக் கதைத்த ஒரே ஆள் எனக்கு எதிர்ப் பக்கத்தில் பொதி கட்டிய பெண். ஐம்பதைத் தாண்டியவர். ஜமேக்காவிலிருந்து வந்தவர்களின் மகள், லண்டனிலேயே பிறந்தவர். நாங்கள் எங்களுக்குள் அவரை ஜமேக்கா அக்கா என்போம். கறுப்பின மக்களின் இயக்கம் ஒன்றில் இளவயதிலிருந்து இருக்கிறவர். பொலிஸ் காவலில் ஆரும் செத்தால் ஸ்டேசன் வாசலில் போய் நிற்பார். அவருடைய கோட்டில் உயர்த்திய முட்டியின் படம் போட்ட பட்ஜ் ஒன்று எப்போதும் இருக்கும். எங்கள் சுப்பவைசரும் யாழ்ப்பாணத்து ஆள்தான். அவர் எனக்கு முதல் நாளே சொல்லிவிட்டார்.

"தம்பி, உந்த மனிசியோட கனக்கக் கதை வைச்சுக்கொள்ளாதை. அவ ஊர்வலக்காரி. அவ போற இடமெல்லாம் பொலிஸ் பின்னால வரும்."

எனக்கு அதைச் சொல்லவே தேவையில்லை. ஊர்வலத்துக்குப் போன ஆட்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்று தெரிந்த ஊரிலிருந்து வந்தவன் நான். அவர் ஒருமுறை தேநீர் இடைவேளையில் என்னிடம், "எங்கட இளவயசில உங்கட ஆசிய ஆட்களும் தங்களைக் கறுப்பர் என்றுதான் சொன்னார்கள், ஒன்றாய்த்தான் நின்றோம்" என்றார். அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு விளங்கிய மட்டுக்கும் எழுதுகிறேன். நான் சிரித்து மழுப்பினேன். எங்கள் வீட்டில் கறுப்பு என்றால் கலியாணம் தள்ளிப்போகும். அவருடைய ஆட்களை எங்கள் ஆட்கள் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. உண்மையில் அந்த மெசினை விட எனக்கு அவருடைய பட்ஜில்தான் பயம் கூட.

அன்று காலை கோவா இறுகிவிட்டது. வழக்கம்போல் கையால் தள்ளினேன். இடது கையின் இரண்டு விரல்கள். நோவு உடனே வரவில்லை. கோவாச் சீவல் சிவந்ததைத்தான் முதலில் கண்டேன்.

சுப்பவைசர் ஓடிவந்து துவாயால் சுற்றி, என்னை ஜக்கெட்டோடு பின்கதவால் வெளியே கொண்டுவந்தார்.

"ஆஸ்பத்திரிப் பக்கம் போயிடாதை. இங்க நடந்ததெண்டு சொன்னால் உனக்கும் சரி, கார்ட் தந்தவருக்கும் சரி, எனக்கும் சரி, எல்லாம் முடிஞ்சுது. வீட்ட போ. நான் பின்னேரம் மருந்து வாங்கிக்கொண்டு வாறன்."

"விரல் மடங்குதில்லை அண்ணை."

"அது விறைச்சுப் போயிருக்கும். நாளைக்கு மடங்கும்."

இந்த நாட்டில் வைத்தியம் இலவசம் என்பார்கள். விசா இல்லாதவனுக்கு அப்படியில்லை என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அவசரப் பிரிவில் காசு கேட்கமாட்டார்கள், வார்ட்டில் தங்கவைத்தால் பில் வரும், பில் கட்டாவிட்டால் குடிவரவுக்காரருக்குத் தகவல் போகும். இதில் எது உண்மை, எது கதை என்று பிரித்துப் பார்க்கிற அளவுக்கு யாருக்கும் தைரியம் இருந்ததில்லை. பஸ் தரிப்பிடத்தில் இருந்துகொண்டு, விரலில்லாமல் வாழ ஏலும், திருப்பி அனுப்பினால் வாழ ஏலாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்னால் ஜமேக்கா அக்கா வந்தார். வேலை உடுப்போடு, தலையில் வலைத்தொப்பியோடு, யாரிடமும் கேட்காமல் வந்திருந்தார். துவாயைப் பார்த்தார். "பஸ் இல்லை, டாக்ஸி" என்றார். நான் ஏலாது என்றேன். "இரத்தம் நிற்காவிட்டால் பயப்படுவதற்கும் நீ இருக்கமாட்டாய்" என்றார்.

அவசரப் பிரிவில் பெயர் கேட்டார்கள். என் வாய் வாடகைப் பெயரைச் சொன்னது. பிறந்த திகதி, விலாசம் எல்லாம் பாடமாக்கியவை. கம்பியூட்டரில் அந்த அண்ணை உடனே வந்துவிட்டார். 'முன்னமும் இங்கே வந்திருக்கிறீர்கள்' என்றாள் பதிவு மேசையில் இருந்த பிள்ளை. ஓம் என்று தலையாட்டினேன். பிறகு நாற்காலியில் போய் இருந்தேன். யாரையோ கூப்பிட்டார்கள், திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். பாவம் யாரோ காது கேளாதவர் என்று நினைத்தேன். அக்கா என் முழங்கையில் தட்டி, "உன்னைத்தான்" என்றார். பக்டரியில் கூப்பிட்டால் நான் சட்டென்று திரும்புகிற பெயர்தான். பயத்தில் அது என்னிடமிருந்து கழன்றுபோயிருந்தது. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

நரம்பு அறுந்திருக்கிறது, ஒப்பரேசன் வேண்டும் என்றார் டொக்டர். கிருமி பரவாமல் இருக்க இப்போதே மருந்து ஏற்றவேண்டும் என்று தாதியிடம் சொல்லிவிட்டுப் போனார். தாதி கொண்டுவந்த போத்தலின் பெயரைப் பார்த்தேன். பென்சிலின் வகை. சிறுவயதில் அது எனக்கு ஏற்றப்பட்டு, முகம் வீங்கி, மூச்சு அடைத்து, அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் திரும்ப ஓடியிருக்கிறார். இனி வாழ்நாளில் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

"இது எனக்கு ஒத்துவராது" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

தாதி திரையைப் பார்த்தாள். "போன மாரியில் இதையேதான் உங்களுக்கு ஏற்றியிருக்கிறோம். ஒன்றும் செய்யவில்லையே." அன்பாகத்தான் சொன்னாள். அந்த அண்ணைக்கு அது ஒத்துக்கொண்டிருக்கிறது. அந்த அண்ணைதானே நான். வாயைத் திறந்தால் நாடு போய்விடும், திறக்காவிட்டால் மூச்சு போய்விடும். நான் கையை நீட்டிக் கொடுத்தேன். உண்மையாகவே கொடுத்தேன். பயம் ஒரு மனிதனை அந்த அளவுக்கு மடையனாக்கும்.

அக்காவின் இயக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆஸ்பத்திரிக்கோ பொலிசுக்கோ ஒருவரைத் தனியே விடமாட்டார்கள், கூடப் போவார்கள். ஆனால் அந்த ஆளுக்காகத் தாங்கள் பேசமாட்டார்கள், பக்கத்தில் இருப்பார்கள், அவ்வளவுதான். அக்கா குனிந்து என் காதருகே கேட்டார்.

"இந்தக் கை யாருடையது?"

"என்ர கை."

"அப்ப அவளுக்குச் சொல்லு."

ஊசி தோலைத் தொட்டபோது கையை இழுத்தேன். திரையில் இருக்கிறவர் நான் இல்லை என்று, அம்மா வைத்த பெயரைச் சொன்னேன். லண்டனில் ஒரு வெள்ளை உடுப்புக்கு முன்னால் நான் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. தாதி போத்தலைக் கழற்றிவிட்டு, முகம் வெளிறி, டொக்டரிடம் ஓடினாள்.

எதிர்பார்த்தபடி ஆஸ்பத்திரி ஒப்பீசிலிருந்து ஒருவர் வந்தார். விசா இருக்கிறதா, இல்லையா, பில்லை எங்கே அனுப்புவது. அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அக்கா போனில் கூப்பிட்ட இயக்கத்து ஆட்கள் வந்துசேர்ந்தார்கள். ஒரு பஸ் டிரைவர், இரண்டு கிழவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண். ஊர்வலக்காரர் என்றால் கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் சுவரோரமாக இருந்த கதிரைகளில் போய் இருந்தார்கள். ஒப்பீஸ்காரர் நீங்கள் யார் என்று கேட்டார். "அவனுடைய ஆட்கள்" என்றார் ஒரு கிழவர். நான் அழுதேன்.

ஒப்பரேசன் நடந்தது. ஒரு விரல் மடங்குகிறது, மற்றது இன்றும் நேராகவே நிற்கிறது. பில் வந்தது. அவர்கள் பிடித்துத் தந்த வக்கீலால் என் அகதிக் கேஸ் திரும்பத் தொடங்கியது. கார்ட் தந்த அண்ணை போனில் கிழி கிழி என்று கிழித்தார். அவருக்கும் பயம்தானே. பக்டரியில் என் வேலை போனது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

கையில் கட்டு இருக்கும்போதே ஒருநாள் ஜமேக்கா அக்கா போன் எடுத்தார். அவருடைய குரல் வழமையாக இல்லை.

"உன் மெசினுக்குப் புதிய ஆள் வந்திருக்கிறார். இங்கே உன்னைக் கூப்பிட்ட அதே பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழும்பி வந்தார். மூடி இன்னும் சுவரோரம்தான் இருக்கிறது. நாங்கள் வாசலில் நிற்கப் போகிறோம். நீயும் வர ஏலுமா?"

அன்று பின்னேரம் பக்டரி வாசலில் நின்றேன், வாழ்க்கையில் முதல்முறையாக கோஷம் எழுதிய ஒரு மட்டையைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு வெள்ளை வான் வண்டியும் என்னைப் பிடிக்க வருவதாகவே பட்டது. ஷிப்ட் முடிந்து ஆட்கள் வந்தார்கள். அந்தப் புதிய ஆளைக் கண்டவுடனேயே தெரிந்தது. என்னை விட மூத்தவர், தலை நரைத்தவர். பட்ஜுகளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார். நான் பின்னால் போனேன்.

"அண்ணை, ஒரு நிமிசம். உங்கட பேர் என்ன?"

அவர் என்னைப் பார்க்காமலே அந்தப் பெயரைச் சொன்னார். பிறந்த திகதியையும் சேர்த்துச் சொன்னார். நான் கேட்கவேயில்லை.

நான் கட்டுப் போட்ட கையை நீட்டினேன்.

"இந்தப் பேருக்கு ஒருக்கா வெட்டியாச்சு அண்ணை."

அவர் கட்டைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். அவருடைய பஸ் வந்தது, கதவு திறந்தது, மூடியது. அவர் ஏறவில்லை. இரண்டு கைகளையும் ஜக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டு, எங்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றார்.