தொட்டிக்குள் விழுந்த நாற்பதாவது தகடு

கூட்டியோ குறைத்தோ எழுதுவது என் வழக்கமன்று. வெட்டப்பட்ட உலோகத் துண்டுகளை அளந்து, ‘சரி’ அல்லது ‘தவறு’ என்று முப்பத்தோராண்டுகளாகக் கையெழுத்திடுபவள் நான். இதையும் அவ்வாறே அளந்து எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

ஞாயிறு, பிற்பகல் 2.10. பட்டறையில் இருவரே இருந்தோம். அளவுமேசையில் நான், வாட்டர்ஜெட் இயந்திரத்தில் என் மகளின் கணவர். மணல் கலந்த நீரை ஊசித்துளை வழியே பேரழுத்தத்தில் பாய்ச்சி, விரல் தடிமன் எஃகையும் அறுத்துவிடும் இயந்திரம் அது. மறுநாள் காலைக்குள் நாற்பது தகடுகளைக் கொடுத்தாக வேண்டும். இரண்டு நாளாக இருவருக்கும் சரியான உறக்கமில்லை. எண்கள் என் கண்முன் நீந்தின.

நாற்பதாவது தகடு, அறுபட்டவுடன், தகட்டைத் தாங்கும் சட்டங்களுக்கிடையே வழுக்கி அடியிலிருந்த தண்ணீர்த்தொட்டிக்குள் விழுந்தது. அவர் நீர் பாயும் முனையை மட்டும் மூடினார், பம்ப்பை நிறுத்தவில்லை. முனைக்கு நேர்கீழே, தோள்வரை வலக்கையை விட்டுத் துழாவினார்.

“பம்ப்பை நிறுத்துங்க, மாப்பிள்ளை.”

“நிறுத்தினா திரும்ப அழுத்தம் ஏத்தி, சரிபார்த்து... அரைமணி போயிடும், அத்தை. மயிரிழை கூடினாலே முறைப்பீங்க. ஒரு தகடே குறைஞ்சா எனக்குச் சோறு கிடைக்குமா?”

அங்கே எல்லோரும் செய்யும் தவறுதான். அந்த வலக்கையை நம்பித்தான் என் மகளும் இரு பேத்திகளும் இருக்கிறார்கள். ஆனாலும், மேலும் கண்டிக்க எனக்குத் தெம்பில்லை.

2.13. டக்... டக்... என்று சீராக அடித்துக்கொண்டிருந்த பம்ப், சுமை ஏறியதுபோல் முனகியது.

முனையின் நுனியில் ஒரு துளி தொங்கியது. விழவில்லை.

2.15. யாரோ மூச்சு வாங்கும் ஓசை. மூட்டையோடு மாடிப்படி ஏறுபவருடைய மூச்சு.

“மூச்சு இரைக்குதா?”

“இல்லையே. நீங்கதானோன்னு நெனச்சேன்.”

ஹ்ஹா... ஹ்ஹா...

முனையின் பக்கமிருந்து வந்தது.

2.16. கை இன்னும் தொட்டிக்குள். “இருங்க, விரல்ல படுது...”

பிறகு, மிகவும் களைத்த ஓர் ஆண்குரல்.

“சீக்கிரம்மா...”

ஓடினேன். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

கை வெளியே வந்தது.

முனை சீறியது.

கை இருந்த இடத்தில் தண்ணீர் கொதித்தது.

2.17. சிவப்புப் பொத்தானை அடித்தேன்.

நீண்டதொரு பெருமூச்சு... அவ்வளவுதான்.

மறுநாள் பழுதுபார்ப்பவர் வந்து முனையைக் கழற்றினார். நீரை அடைத்து நிறுத்தும் ஊசி இரண்டாக முறிந்திருந்தது. இயந்திரத்தின் பதிவைப் பார்த்தவர், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ரெண்டு பதிமூணுக்கே உடைஞ்சிருக்கு. நீங்க ரெண்டு பதினேழுன்னு சொல்றீங்க.”

“எழுதி வச்சிருக்கேன்.”

“உடைஞ்ச அந்த நொடியே தண்ணி பாய்ஞ்சிருக்கணும். நாலு நிமிஷம் அடைச்சுக்கிட்டு இருந்தது எதும்மா? ஏதாவது சிக்கியிருக்கும்னு உள்ள முழுக்கத் தேடிட்டேன்.”

உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

“ஒண்ணுமே இல்ல.”