அழகுமுத்துவின் பர்மா மெடல்

தலவாக்கலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யுத்தத்தை ஜெயித்தவர் ஒரே ஒருவர்தான்: பத்தாம் நம்பர் லயத்து வரிசை வீட்டு அழகுமுத்து. பட்டாளத்தில் நான்கு வருடம் இருந்தவர். ஜப்பான்காரன் சரணடைந்ததே அவரால்தான் என்று எங்கள் தோட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நாற்பத்தொன்பதில் தபாலில் வந்த மெடலைத் தோட்டத்துத் துரையே, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போதுகூட அது அவர் சட்டையில் ஆடிக்கொண்டிருந்தது.

பர்மாக் காட்டில் தனியாளாகப் பதினேழு ஜப்பான்காரனை மடக்கினாராம். இடது கைத் தழும்பு வாள் வெட்டாம். நானும் வாயைப் பிளந்து கேட்டவன்தான். ராக்காயி அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் கழுத்தை நீட்டினாள். கல்யாணமான புதிதில் ஒருநாள், "அடுப்ப கொஞ்சம் பாத்துக்கங்க" என்றாளாம். "துப்பாக்கி புடிச்ச கை அகப்பை புடிக்குமா?" என்று மனுஷன் சீறிவிட்டார். அதற்குப் பிறகு நாளெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து அவளேதான் ரொட்டி சுட்டாள்.

ஐம்பத்தொன்றில் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போடும் காலம் வந்தது. தோட்டப் பள்ளிக்கூட மாஸ்டர் என்பதால் எல்லோர் மனுவையும் எழுதுவது என் தலையில் விழுந்தது. அதில் ஒரு பொல்லாத கேள்வி: ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து நாட்டை விட்டுப் போயிருந்தீர்களா? போயிருந்தால் மனு அவ்வளவுதான். அழகுமுத்து, ராக்காயி, இரண்டு பிள்ளைகள், நான்கு பேருக்கும் நாடில்லை.

"போகலேன்னு போடுங்க மாஸ்டர்," என்றார் அழகுமுத்து, என் முகத்தைப் பார்க்காமல்.

பொய் என்று நினைத்துக்கொண்டே அப்படியே எழுதினேன். விசாரணைக்கு வரும்போது மெடலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். யார் கேட்டார்கள்? ராக்காயி அதைச் சாம்பல் போட்டுத் துலக்கி, கோட்டில் குத்தி அனுப்பியிருந்தாள்.

"இது என்ன?" என்றார் விசாரணை அதிகாரி.

சாட்சிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு இராமையா முந்திக்கொண்டார். "பர்மா மெடலுங்க ஐயா! மூணு வருசம் அங்கயே கெடந்து சண்ட போட்டாரு. இவருக்கு குடுக்காம வேற யாருக்குங்க குடுப்பீங்க?" உதவி செய்கிறாராம்!

"மூன்று வருடமா?" அதிகாரி பேனாவைத் திறந்தார்.

ஜன்னலுக்கு வெளியே ராக்காயியும் பாதித் தோட்டமும் நின்றிருந்தன. அழகுமுத்து அவளைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார்.

"நான் பர்மாவுக்கே போகலைங்க."

"தன்னடக்கங்க ஐயா," என்றார் இராமையா. "அந்தக் கைய காட்டுங்கண்ணே!"

"பூசணிக்கா வெட்டுனதுங்க," என்று சொல்லி அழகுமுத்து கோட்டுக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். இத்தனை வருடம் யார் கண்ணிலும் காட்டாத பட்டாளத்துச் சீட்டு. அதிகாரி உரக்க வாசித்தார்: இலங்கை, தியத்தலாவை முகாம், சமையல்கூடம், நான்கு வருடம். அந்த மெடல் பட்டாளத்தில் இருந்த எல்லோருக்கும் கிடைப்பதுதானாம்.

இராமையாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்ப அந்தப் பதினேழு பேரு?"

"அது அடுப்பு, இராமையா."

வெளியே சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. ராக்காயி மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவள் அரிவாள்மனையை அவர் முன்னால் வைத்தாள். "முந்நூறு பேருக்கு ஆக்குனவரு நாலு பேருக்கு ஆக்க மாட்டீங்களோ?"

ஒன்றரை வருடம் கழித்துப் பதிவுத் தபால் வந்தது. நான் கொண்டுபோனபோது அழகுமுத்து அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். பிரஜாவுரிமைப் பத்திரத்தில் இருந்த நான்கு பெயர்களையும் வாசித்துக் காட்டினேன். மெடல் வாங்கிய அன்றுகூட அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. கையைத் துண்டில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாரே தவிர, காகிதத்தைத் தொடவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"வெங்காயங்க மாஸ்டர்," என்றார்.

வாசலில் வந்து நின்ற ராக்காயி மடியை அவிழ்த்தாள். "வெங்காயத்த நான் இப்பத்தானே வாங்கியாறேன்," என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.